ஸ்கவுட் எங்க வளருறாள்?

கேள்வி: அக்கா, ஹார்ப்பர் லீயின்ர ‘டு கில் எ மொக்கிங்பேர்ட்’ நாவலை லைப்ரரியில எடுத்து வாசிச்சன். அண்ணன்காரன் ஜெம் மாறுறது நல்லா விளங்குது. ஆனா கதை சொல்லுற தங்கச்சி ஸ்கவுட் கடைசிமட்டும் சின்னப்பிள்ளையாத்தானே நிக்கிறாள்?
- ஏ/எல் படிக்கிற வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: இல்லைத் தங்கச்சி, அவளும் வளருறாள். கதை துவங்கேக்க அவளுக்கு 6 வயசு ஆகேல்ல, ஜெம்முக்கு 10 ஆகப்போகுது, முடியேக்க அவளுக்கு 8, அவனுக்கு 13 ஆகப்போகுது. இந்த வயசு வித்தியாசத்தை மனசில வச்சுக்கொண்டு வாசியும்.

மரப்பொந்து நினைவிருக்கா? வீட்டை விட்டு வெளிய வராத பூ ராட்லி, அதுக்குள்ள சூயிங்கம், சவர்க்காரத்தில செதுக்கின ரெண்டு பொம்மை எண்டு இந்தப் பிள்ளையளுக்கு வச்சுக்கொண்டே இருக்கிறான், இவை நன்றிக் கடிதம் எழுதிக்கொண்டு போனா அவன்ர தமையன் பொந்தை சீமெந்தால அடைச்சுப்போட்டான். மரம் சாகுதாம். நல்ல பச்சையா நிக்கிற மரம்! அண்டைக்கு இருட்டும்வரை ஜெம் விறாந்தையில நிண்டுபோட்டு உள்ள வாறான், முகத்து அழுக்கைப் பாத்து அவன் அழுதிருக்கிறான் எண்டு ஸ்கவுட்டுக்குத் தெரியுது, ஆனா அழுத சத்தம் தனக்குக் கேக்கேல்லையே எண்டுதான் யோசிக்கிறாள். ஏன் அழுதவன் எண்டு அவளுக்கு விளங்கேல்ல.

இந்த இடத்தை என்னால சும்மா கடந்துபோக ஏலாது. யுத்தத்தில இடம்பெயர்ந்து 2009இல செட்டிகுளம் முகாமில இருக்கேக்க எங்கட அண்ணாவுக்கு 13 வயசுதான். அதுக்கு முதல் ஒரு துண்டு பனங்கட்டிக்கும் என்னோட அடிபடுறவர், அங்க தண்ணி லைனில தன்ர வாளியைப் பின்னுக்குத் தள்ளி, பிள்ளையோட நிண்ட ஒரு அக்காவை முன்னுக்கு விட்டார். அவர் அழுததை நான் ஒருநாளும் கேக்கேல்ல, முகத்துப் புழுதியில ரெண்டு கோடு மட்டும் கண்டனான். அப்ப எனக்கு 9 வயசு, எனக்கும் விளங்கேல்ல.

இனி கடைசிக்கு வாரும். தங்களைக் காப்பாத்தின பூ ராட்லியை ஸ்கவுட் அவன்ர வீட்ட கூட்டிக்கொண்டு போறாள். கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போகாம, தன்ர கையை அவன்ர கைக்குள்ள கோத்து, ஆரும் ஜன்னலால பாத்தா ஒரு பெரிய மனுசன் இவளைக் கூட்டிக்கொண்டு போறமாதிரித் தெரியவேணும் எண்டு நடக்கிறாள். பிறகு அவன்ர விறாந்தையில நிண்டு அதே தெருவைப் பாக்கிறாள். பேயெண்டு பயந்த ஆளின்ர மானத்தைக் காப்பாத்தவேணும் எண்டு 8 வயசுப் பிள்ளைக்குத் தோணுதே, அதுதான் நீர் தேடின வளர்ச்சி. ஜெம், டொம் ரொபின்சன் எண்ட கறுப்பினத்தவருக்கு அநியாயமா வந்த நீதிமன்றத் தீர்ப்புக்கு அழுது உடைஞ்சு வளருறான், இவள் அந்த நாலடி நடையில வளந்திட்டாள். பேச்சு சின்னப்பிள்ளைப் பேச்சாவே இருக்கட்டும், நீர் கையைப் பாரும்.

கேள்வி: 1960இல வந்த நாவலை இப்பத்தைப் பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ?
- ஒரு ஆசிரியர், மாங்குளம்

பதில்: குடுங்கோ சேர், ஆனா 13, 14 வயசுக்கு மேல. கறுப்பினத்து டொம் ரொபின்சனில பொய்யாப் போடுறது பாலியல் வன்முறை வழக்கு, அந்த அதிகாரங்களைத் தனிய வாசிக்க விடாம வகுப்பில சேர்ந்து வாசியுங்கோ. மரப்பொந்து அதிகாரத்தை முதல்ல சத்தமா வாசிச்சுக் காட்டினா மிச்சத்தை அவையே கேட்டு வருவினம்.