அப்பாவுக்கு ஆலயத்தில் ஒரு கல்

கேள்வி: என் அப்பா இந்தியக் கடற்படையில் கமாண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1971 போரில் இளம் அதிகாரியாக விக்ராந்த் கப்பலில் இருந்தார். போன வருடம் காலமாகிவிட்டார். எங்கள் சி.எஸ்.ஐ. ஆலயச் சுவரில் நினைவுக்கல் பதிக்கச் சேகரக் கமிட்டி (சபை நிர்வாகக் குழு) சம்மதித்திருக்கிறது. கறுப்புக் கிரானைட்டில் அப்பா படம், கப்பல், கொடி, கடற்படைச் சின்னம், பதக்கங்கள் எல்லாம் வருகிற மாதிரி தம்பி டிசைன் போட்டிருக்கிறான் (இணைத்துள்ளேன்). அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அம்மா சொல்வதைக் கேளுங்கள். தம்பி கோபித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

டிசைனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் இருப்பது அப்பாவின் கப்பலே இல்லை. விமானங்கள் கிளம்பும் தளத்தின் முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கிறது பாருங்கள், அது 2022இல் படையில் சேர்ந்த புது விக்ராந்த். அப்பா இருந்தது 1961இல் சேர்ந்து 1997இல் ஓய்வு பெற்ற பழைய கப்பல். அதன் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கிய 1971 டிசம்பரில் தளம் தட்டையாகத்தான் இருந்தது. கொடியிலும் இதே கதை. நீல எண்கோணம் போட்ட கொடி வந்தது 2022 செப்டம்பரில். அப்பா சல்யூட் அடித்தது சிவப்புச் சிலுவைக் கோடு போட்ட வெள்ளைக் கொடிக்கு. கடற்படைச் சின்னத்தின் உச்சியில் நிற்பது சிங்க முத்திரை. அந்த அரசு முத்திரையைத் தனியார் இஷ்டப்படி போட்டுக்கொள்ள 2005ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. ஆக மூன்றுமே போயிற்று.

நங்கூரம் ஒன்று போதும் என்பேன். எபிரெயர் நிருபத்தில் நம்பிக்கையை 'ஆத்தும நங்கூரம்' என்று வாசித்திருப்பீர்கள். ரோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளிலேயே ஆதிக் கிறிஸ்தவர்கள் அதைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கல் கொத்துபவரிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கயிறு சுற்றிய நங்கூரம் கடற்படைகளின் பழைய அடையாளம், ஆலயத்துக்குக் கயிறு இல்லாததுதான் பொருத்தம். வெறும் நங்கூரத்தைப் பார்த்தாலே கடலோடு சம்பந்தப்பட்டவர் என்று நம் கரையோர ஜனங்களுக்குத் தெரியாதா என்ன!

பெரிய சிற்பிகளே இதில் சறுக்கியிருக்கிறார்கள். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில், 1797 கடற்போரில் மடிந்த பிரிட்டிஷ் கேப்டன் பர்ஜஸை சிற்பி தாமஸ் பேங்க்ஸ் கிட்டத்தட்ட நிர்வாணமாக நிறுத்திவைத்தார். அந்தக் காலத்திலேயே கேலி பேசினார்கள். ஆனால் அதே ஆலயத்தில் ஜான் பிளாக்ஸ்மன் செய்த, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் சிலையும் இருக்கிறது. இழந்த கையை மேலங்கி மறைக்க, நங்கூரத்தில் சாய்ந்து நிற்கிறார் நெல்சன். இந்த பிளாக்ஸ்மன் நமக்கு அந்நியர் அல்ல. தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஆலயத்துப் பளிங்குச் சிற்பம் அவர் கைவேலைதான். ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மரணப்படுக்கையில் கிடக்க, சரபோஜி மன்னர் அவர் கையைப் பிடித்திருக்கிறார். ஐயர் செய்த ராஜதந்திர வேலைகள் எத்தனையோ இருக்க, சிற்பி எடுத்துக்கொண்டது அந்த ஒரு கணத்தை. தம்பியை ஒரு நடை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

வாசகமும் சுருக்கமாக இருக்கட்டும். பெயர், பிறந்த இறந்த ஆண்டுகள், 'கமாண்டர், இந்தியக் கடற்படை', அதன்கீழ் 'ஐ.என்.எஸ். விக்ராந்த், 1971'. வசனத்துக்கு 107ஆம் சங்கீதத்தை எடுங்கள், கப்பலேறிப் போகிறவர்களின் சங்கீதம் அது. 30ஆம் வசனத்தின் பின்பாதி: 'தாங்கள் நாடின துறைமுகத்தில் அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறார்.' 'குடும்பத்தார் அன்பளிப்பு' என்ற வரி மட்டும் தயவுசெய்து வேண்டாம். ஃபேன் இறக்கையில்கூடப் பெயர் எழுதும் ஊர் நம்முடையது, கல்லாவது தப்பிக்கட்டும்.

கிரானைட் நல்ல தேர்வுதான், ஆனால் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டால் ஜன்னல் வெளிச்சம் அடித்து எழுத்து தெரியாது. மங்கலான பாலிஷ் கேளுங்கள். பெயின்ட் எழுத்து வேண்டாம், வெட்டெழுத்தாக இருக்கட்டும், உயரம் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல். உப்புக் காற்றில் இரும்புக் கிளாம்ப் துருவேறி உப்பிக் கல்லையே பிளந்துவிடும். 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் போட வேண்டும். பித்தளைத் தகடு என்றால் பச்சை பிடிக்கப் பிடிக்க யாராவது தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், யார் தேய்ப்பது?

வெட்டுவதற்கு முன் முழு அளவில் தாளில் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஃபான்ட் மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், புள்ளி விழுந்துபோகும். போன் திரையில் இது கண்ணுக்குப் படாது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்மாவை அவர் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்தே வாசிக்கச் சொல்லுங்கள்.

தம்பிக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. பதக்கங்களையும் சீருடைப் படத்தையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வீட்டு ஹாலில் மாட்டலாம். அங்கே எத்தனை கப்பல் வேண்டுமானாலும் வரையட்டும்.

கமிட்டி சம்மதம் வாய்வார்த்தையா? கல்லின் அளவு, பதிக்கும் இடம், வாசகம் மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி, உங்கள் சபைப் போதகர் ஐயரிடம் நகல் வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.