அந்த ஆறு வயதுக் குழந்தையை ஏன் தூங்க வைத்தீர்கள்?

கேள்வி: கோடை முகாமில் பத்து நாள் குழந்தைகளுக்குக் கைவேலை சொல்லித்தர ஒத்துக்கொண்டிருக்கிறேன். ஆறிலிருந்து ஒன்பது வயதுவரை இருபது பேர். எனக்கு இதுதான் முதல் தடவை. வீடியோக்கள் பார்த்து, தினமும் ராத்திரி மகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து பழகுகிறேன் (அவளுக்கும் ஆறு வயதுதான், விழித்திருந்தால் பேப்பரையெல்லாம் வீணாக்கிவிடுவாள்). முப்பது மாதிரிகள் அழகாக வந்துவிட்டன. ஆனாலும் பயமாக இருக்கிறது. நன்றாக நடத்திவிடுவேனா?

பதில்: இந்தப் பயத்தோடு எனக்கு வந்த கடிதங்கள் எத்தனையோ. தைரியம் சொல்லி அனுப்பும் வேலையை நான் விட்டு ரொம்ப நாளாகிறது, அதனால் அதை எதிர்பார்க்காதீர்கள். போகிற போக்கில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டு என்னால் மேலே போக முடியவில்லை.

ஆறு வயதுக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரப் போகிறவர், வீட்டில் இருக்கும் ஆறு வயதுக் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டா பழகுவது?

காகிதக் கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பி வரைக்கும் எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். அப்புறம் அந்தத் தொப்பியின் வாயைக் கட்டைவிரல்களால் விரித்து, இரண்டு முனைகளையும் ஒன்றாகக் கொண்டுவந்து சதுரமாக அமுக்கி, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மூலைகளை ஒன்றுக்குள் ஒன்று செருக வேண்டும். உங்கள் விரலுக்கு அது மூன்று வினாடி. ஆறு வயது விரல் அங்கேதான் நிற்கும், பேப்பர் கசங்கும், உதடு பிதுங்கும், 'மிஸ், எனக்கு வரல' என்று நாலு பக்கமும் குரல் கிளம்பும். எந்த மடிப்பில் கிளம்பும் என்பதை எந்த வீடியோவும் உங்களுக்குச் சொல்லாது. உங்கள் மகள் சொல்லியிருப்பாள். அவளைத்தான் படுக்க வைத்துவிட்டீர்களே.

அப்புறம் அந்த 'வீணாக்கிவிடுவாள்'. எனக்குக் கோபம் வந்தது அந்தச் சொல்லில்தான். 1837-ல் ஜெர்மனியில் சிறு பிள்ளைகளுக்கென்று ஓர் இடம் தொடங்கி, 1840-ல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்த ஃப்ரோபெல், காகிதம் மடிப்பதையும் காகிதப் பட்டை பின்னுவதையும் பிள்ளைகளின் அன்றாட வேலைகளில் சேர்த்தார். பிள்ளை தானாகச் செய்துதான் கற்கும் என்று நம்பிய மனிதர் அவர். கசங்கிய பேப்பர்தான் அந்தப் பிள்ளை படித்த பாடம், அதைப் போய் வீண் என்கிறீர்கள். முகாமில் யார் வீட்டுப் பிள்ளையோ கசக்கினால் 'பரவாயில்லடா கண்ணா' என்று இன்னொரு தாள் எடுத்துக் கொடுக்கப் போகிறீர்கள் இல்லையா? அந்தப் பொறுமை முதலில் பெற்ற பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரி. வீட்டில் புழங்காத பொறுமை வெளியில் இரண்டு நாள்கூடத் தாங்காது, மூன்றாம் நாள் யாரோ ஒரு குழந்தையின் கையிலிருந்து பிடுங்கி நீங்களே முடித்துக் கொடுத்துவிடுவீர்கள்.

இன்னொன்று கேட்கிறேன். உங்கள் மகள் கத்தரிக்கோலை எந்தக் கையில் பிடிக்கிறாள்? இடது கைப் பிள்ளைக்குச் சாதாரணக் கத்தரிக்கோலைக் கொடுத்தால் வெட்ட வேண்டிய கோட்டை மேல் அலகு மறைத்துவிடும், கை அழுத்துகிற விதத்தில் அலகுகள் விலகிப் பேப்பர் வெட்டுப்படாமல் மடங்கும். பார்க்கிறவர்கள் பிள்ளைக்குக் கை வரவில்லை என்பார்கள். இருபது பேரில் ஒன்றிரண்டு பேராவது அப்படி இருப்பார்கள், அதற்கென்று செய்த கத்தரிக்கோல் இரண்டு வேண்டும் என்று முகாம் நடத்துகிறவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள். மற்றதெல்லாம் முனை மழுங்கியதாக இருக்கட்டும். சூடாகப் பசையை உருக்கித் தரும் குளூ கன் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. பசை, பெயிண்ட் வேலைகளை முதலில் வையுங்கள், வீட்டுக்குக் கிளம்புவதற்குள் காய வேண்டும்.

முப்பது மாதிரி எதற்கு? நாளுக்கு ஒன்று, சீக்கிரம் முடிக்கிறவர்களுக்குக் கூட இரண்டு மூன்று, போதும். ஒவ்வொன்றையும் முடித்த அழகில் மட்டும் காட்டாமல் பாதி மடித்தது, முக்கால் மடித்தது என்று நாலைந்து கட்டமாகச் செய்து மேஜையில் வரிசையாக வையுங்கள். பின்தங்கிய பிள்ளை தானே வந்து பார்த்துப் பிடித்துக்கொள்ளும்.

நாளை சாயங்காலம் பழைய செய்தித்தாள் ஒரு கட்டு எடுத்துப் போட்டு மகளை உட்கார வையுங்கள். எதிரே உட்காராதீர்கள், உங்கள் வலம் அவளுக்கு இடமாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, வாயால் மட்டும் சொல்லுங்கள். அவள் எங்கெங்கே நிற்கிறாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் கோணலாக வந்தாலும் தொடாதீர்கள், அவள் மடித்தபடியே ஒரு வாளித் தண்ணீரில் அவளையே விடச் சொல்லுங்கள்.