டாங்குக்குள் கறள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழை தொடங்கினால் போதும், மோட்டார் சைக்கிள் பெற்றோல் டாங்கில் பிடிக்கிற கறள் (துரு) பற்றிய கேள்விகள் வந்து குவியும். இம்முறை வந்தவற்றில் பாதி ஒரே கேள்விதான். பொதுவானவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கொக்கா கோலா ஊற்றி வைத்தால் கறள் போகுமாமே? (கொட்டாஞ்சேனை)

கொஞ்சம் போகும். அதில் இருக்கிற பொஸ்போரிக் அசிட்டோ துளியளவு, மிச்சம் சீனி. அந்தப் பாகைக் கழுவி எடுக்கப் படும் பாட்டுக்கு, வாங்கியதைக் குடித்துவிட்டுப் போகலாம்.

அப்பாவின் ஹொண்டா சீடி 125 ஐந்து வருடமாக அரை டாங்க் பெற்றோலுடன் நிற்கிறது. மூடியைத் திறந்தால் உள்ளே செம்மண் போல இருக்கிறது. வீடு கடலுக்குப் பக்கம், உப்புக் காற்றா காரணம்? எப்படிச் சுத்தம் செய்வது? (வெள்ளவத்தை)

உப்புக் காற்று சைலன்சரையும் ரிம்மையும் தின்னும். டாங்கின் உள்பக்கத்தைத் தின்றது நீங்களே சொன்ன அந்த அரை டாங்க்தான். காலியான மேல் பாதியில் காற்று நிற்கிறது. கொழும்புக் காற்றில் ஈரத்துக்கு என்ன குறை? பகல் வெயிலில் சுட்ட தகடு இரவில் ஆறும்போது உள்ளே வியர்க்கும். வியர்த்தது வழிந்து அடிக்குப் போகும். தண்ணீர் பெற்றோலை விடக் கனம் என்பதால் அங்கேயே தேங்கிக் கிடக்கும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூஆர் கோட்டுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று ஓடிய காலத்தில் எத்தனை டாங்க் இப்படிப் போனது என்று கராஜ் பாஸ்மாரைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி வேலை. பெற்றோலை வடித்துவிட்டு டெப்பையும் (டாங்க் அடியில் பெற்றோலைத் திறந்து மூடும் குழாய்) மூடியையும் கழற்றி எடுங்கள். பெரும்பாலும் இரண்டும் நாக (சிங்க்) உலோகக் கலவை வார்ப்பு, அசிட் பட்டால் நுரைத்துக்கொண்டு கரையும். டெப் ஓட்டையை ரப்பர் வைத்து அடையுங்கள். சலவைத்தூள் கரைத்த சுடுநீரால் இரண்டு மூன்று தரம் கழுவுங்கள். பழைய பெற்றோலின் பிசின் ஒட்டியிருக்கிற இடத்தில் அசிட் வேலை செய்யாது. கறள் செதில் செதிலாக நின்றால், சின்ன நட்டுகள் ஒரு 40 போட்டு, கை ஓயும்வரை குலுக்குங்கள். போடும்போது எண்ணுங்கள், எடுக்கும்போதும் எண்ணுங்கள்.

பிறகு சிற்றிக் அசிட். கேக் சாமான் விற்கிற கடைகளில் தூளாகக் கிடைக்கும். லீற்றருக்கு 50 முதல் 100 கிராம், அதாவது பத்து லீற்றர் டாங்குக்கு முக்கால் கிலோ. கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் கரைத்து வாய்வரை நிரப்பி ஓர் இரவு விடுங்கள். வாயு கிளம்பும், ஆகவே இறுக்கி மூடாதீர்கள். வெளியே வழிந்தால் பெயின்டில் கறை விழும், ஈரத் துணி பக்கத்திலேயே இருக்கட்டும். காலையில் மஞ்சளும் பச்சையும் கலந்த தண்ணீர் வந்தால் வேலை நடந்திருக்கிறது. டோர்ச் அடித்துப் பாருங்கள், மிச்சம் இருந்தால் இன்னொரு இரவு. ஊற்றியபின் ஒரு வாளித் தண்ணீரில் நாலைந்து மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து உள்ளே சுழற்றி, நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

இதுவரை ஆறுதலாகச் செய்யலாம். இனித்தான் ஓட்டம். கழுவிய தகடு பத்து நிமிடத்தில் மறுபடி செம்மஞ்சளாகப் பூத்துவிடும். அசிட்டோடு முழு நாள் மினக்கெட்டவர்கள் இந்தப் பத்து நிமிடத்தில் தேத்தண்ணி குடிக்கப் போய்த்தான் கெடுக்கிறார்கள். தலைமயிர் உலர்த்தும் டிரையரைத் தயாராக வைத்திருந்து சூட்டுக் காற்றை உள்ளே விடுங்கள். பெற்றோல் மணம் துளியும் இல்லை என்றால் மட்டும்! காய்ந்த கையோடு 2டி ஒயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெற்றோலில் கலக்கிற ஒயில்) அரைக் கோப்பை ஊற்றி, எல்லா மூலைக்கும் போகும்படி டாங்கைப் புரட்டி எடுங்கள்.

ஹாட்வெயாரில் விற்கிற டொய்லெட் அசிட் இருபது நிமிடத்தில் முடித்துவிடும் என்கிறார்களே? (கிராண்ட்பாஸ்)

டாங்கையும் சேர்த்து முடித்துவிடும். அது ஹைட்ரோகுளோரிக். கறள் தீர்ந்தபின் நிற்கத் தெரியாமல் தகட்டுக்குப் போகும், ஊசி ஓட்டை விழும். அதன் ஆவி பட்டு, பக்கத்தில் தொங்கிய சாவிகள்கூடக் கறள் பிடித்ததைக் கண்டிருக்கிறேன்.

95 ஒக்டேன் அடித்தால் கறள் பிடிக்காதா? (தெஹிவளை)

ஒக்டேனுக்கும் கறளுக்கும் தொடர்பில்லை.

கறள் எடுக்கத் தேவையில்லை, உள்ளே கோட்டிங் அடித்தால் வாழ்நாளுக்கும் கவலையில்லை என்று கராஜில் சொல்கிறார்கள். செய்யலாமா? (மட்டக்குளி)

செய்யாதீர்கள். ஏன் என்று சற்று விரிவாகவே சொல்கிறேன், இதில் எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு.

சில வருடங்களுக்கு முன் ஒரு சீடி 200 டாங்க் வாங்கினேன். உள்ளே பார்த்தால் வெள்ளை வெளேரென்று கண்ணாடி மாதிரி. கேட்ட விலையைக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து, பம்பலப்பிட்டிச் சந்திக்குக் கிட்ட, காலி வீதியில் பின்னால் பஸ் ஹோன் அடிக்க அடிக்க வண்டி நின்றுபோனது. வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து டெப்பைக் கழற்றினால், அதன் வடியை (வடிகட்டி) சுற்றிப் பாலாடை போல ஒரு வெள்ளைத் தோல். பிடித்து இழுத்தேன், முழங்கை நீளத்துக்கு வந்தது. தோலின் மறுபக்கம் முழுக்கக் கறள், கையில் அப்பிக்கொண்டது. மிச்சத் தோலைத் தின்னரில் ஊறவைத்து நட்டுப் போட்டுக் குலுக்கி எடுக்க இரண்டு கிழமை.

காரணம் சிக்கலானதல்ல. கோட்டிங் கறளைப் பிடித்துக்கொள்கிறது. கறள் தகட்டைப் பிடித்துக்கொள்வதில்லை. போதாததற்கு டாங்க் சட்டகத்தின் மேல் கால் விரித்து உட்காருகிற சாமான். அந்த இரண்டு காலின் அடிமூலையும் மூடி வழியாகக் கண்ணுக்குத் தெரியாது, ஈரம் நிற்பதும் அங்கேதான். அதன்மேல் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்தது போல. தவிர, கோட்டிங்குக்கு அடிக்கிற இரு பாக எபொக்சி நன்றாக இறுகப் பொதுவாகச் சில நாள் வேண்டும். காலையில் விட்டு மாலையில் எடுக்கச் சொல்கிற இடத்தில் எப்படி இறுகும்? உங்கள் டாங்க் தொழிற்சாலையிலிருந்து எபொக்சி பூசிக்கொண்டு வரவில்லை, ஆனாலும் முப்பது வருடம் ஓடியிருக்கிறது.

ஊசி ஓட்டைகள் நிறைய, மாற்று டாங்க் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள் முழுக்கத் தேடியும் இல்லை என்றால் மட்டும் கோட்டிங். அதுவும் வெறும் தகடு தெரியக் கறள் எடுத்து, எலும்பு போலக் காயவைத்த பிறகு. வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய டாங்கின் உள்ளே வெள்ளையாகப் பளபளத்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது எழும்பி வாருங்கள்.

பைக் ஓடும்போது நிற்கிறது. டாங்க் கறளா? பதில் உடனே தேவை. (இடம் எழுதவில்லை)

தம்பி, என்ன பைக், எத்தனை தூரம் ஓடி நிற்கிறது, திரும்ப ஸ்டார்ட் ஆகிறதா, ஒன்றும் எழுதவில்லை. சாத்திரம் பார்க்கவா நான் இருக்கிறேன்? நின்றதும் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் டெப்பைக் கழற்றி வடியைப் பாருங்கள். அதில் பழுப்புச் சேறு இருந்தால் கறள்தான், மேலே வெள்ளவத்தைக்காரருக்கு எழுதியதை வாசியுங்கள்.

டாங்க் அடியில் குண்டூசித் தலையளவு ஓட்டை. பெற்றோலை வடித்துவிட்டேன், வெல்டிங் செய்யலாம்தானே? (மருதானை)

வடித்த டாங்க்தான் நிறைந்த டாங்கை விட ஆபத்து. வெடிப்பது ஆவி. சோப்புத் தண்ணீரில் பல தரம் கழுவி, ஓட்டை மேலே வரும்படி டாங்கைப் புரட்டி, ஓட்டைக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பித்தான் நெருப்பைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். அதையும் டாங்க் ஒட்டிப் பழகிய ஆளிடம் கொடுங்கள். ஒரு ஓட்டை தெரிந்தால் பக்கத்தில் இன்னும் பத்து காத்திருக்கும், சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள்.

பல்சர். ஒவ்வொரு மழைக்கும் காபரேற்றரில் தண்ணீர். மூடி ரப்பர் புதிது. (முகத்துவாரம்)

மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மழைத் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும், அதிலிருந்து குழாய் கீழே போகும். தூசி அடைத்தால் பள்ளம் நிரம்பி, தண்ணீர் டாங்குக்குள் இறங்கும். மெல்லிய கம்பி விட்டு எடுங்கள். ஐந்து நிமிட வேலை.

எட்டு மாதம் வெளிநாடு போகிறேன். டாங்கை நிரப்பி வைப்பதா, காலியாக வைப்பதா? (கொள்ளுப்பிட்டி)

இரண்டு மாதம் என்றால் நிரப்பி வையுங்கள். எட்டு மாதத்தில் பெற்றோல் கெட்டுக் காபரேற்றரில் பிசினாகிவிடும். ஆகவே முழுக்க வடித்து, காபரேற்றர் கிண்ணத்தையும் வடித்து, டாங்கைக் காயவைத்து 2டி ஒயில் சுழற்றி மூடி வையுங்கள். யாரையாவது வைத்துக் கிழமைக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணச் சொல்ல வேண்டாம். அதற்காக அவர்கள் அரை லீற்றர் அடிப்பார்கள், பிறகு அது அப்படியே கிடக்கும்.