அலியா, டைசனா? மூன்று வாரமாகப் பேசாத அப்பா

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. 1980இல் குத்துச்சண்டை வீரர் முகமது அலி சென்னை நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடியபோது நேரில் பார்த்தவர். தம்பிக்கு அலிக்குப் பின்வந்த மைக் டைசன்தான் எல்லாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் ‘அலியும் டைசனும் மோதினால்?’ என்று இரண்டு பேரும் ஆரம்பித்துவிடுவார்கள். போன மாதம் தம்பி, “உங்க அலி லாரி ஹோம்ஸ்கிட்ட உதை வாங்கி ஸ்டூல்ல உட்கார்ந்தவர்தானே? அந்த ஹோம்ஸையே டைசன் நாலு ரவுண்டுல சாய்ச்சான்” என்று சொல்லிவிட்டான். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார். மூன்று வாரமாகப் பேச்சில்லை. விளையாட்டுப் பேச்சுக்கு இவ்வளவு கோபம் எதற்கு? யார் ஜெயிப்பார்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.
- வாசகி, சென்னை

பதில்: அன்புச் சகோதரி, அப்பாவின் கோபத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். இதே மாதிரி ஒரு கற்பனைச் சண்டையில் தோற்றதற்காக அலியே கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்.

1967இல் மயாமியைச் சேர்ந்த ஒரு வானொலித் தயாரிப்பாளர், எல்லாக் காலத்து ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) வீரர்களையும் கம்ப்யூட்டரில் மோதவிட்டு, முடிவுகளை நேர்முக வர்ணனை போல ஒலிபரப்பினார். அதில் அலி கால் இறுதியிலேயே ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றார். ஜெஃப்ரீஸ் 1899 முதல் 1905 வரை சாம்பியனாக இருந்தவர். அலிக்கு அது எந்த நேரம் என்று பாருங்கள். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டத்தைப் பிடுங்கிவிட்டார்கள், ரிங்கில் ஏறவும் விடவில்லை. கையைக் கட்டிப்போட்டுவிட்டு, ‘நீ தோற்றாய்’ என்று ஊருக்குச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார்.

அந்த வழக்கு சமரசத்தில் முடிந்து, அலியும் ராக்கி மார்சியானோவும் கேமரா முன்னால் மோதுவதாக ஏற்பாடானது. மார்சியானோ ஆடிய 49 சண்டையிலும் ஜெயித்து 1956இல் ஓய்வு பெற்றவர். 45 வயதில் உடம்பைக் குறைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். பல விதமான முடிவுகளைப் படம்பிடித்து வைத்தார்கள். படம் வெளிவரும் முன்பே, 1969 ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் மார்சியானோ இறந்துபோனார். மறுநாள் அவருடைய பிறந்தநாள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் வந்த படத்தில் 13ஆவது ரவுண்டில் மார்சியானோ ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய படத்தில் அலி ஜெயித்தார். எந்த ஊரில் எது எடுபடுமோ அந்த முடிவு. கற்பனைச் சண்டைக்கு வெளியாள் தீர்ப்புச் சொன்னால் இப்படித்தான் ஆகும். அதனால் என் தீர்ப்பையும் ஒரு ரசிகனின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அலியை வென்ற ஹோம்ஸை டைசன் வென்றார், அதனால் டைசன்தான் பெரியவர் என்று தம்பி போட்ட கணக்கு குத்துச்சண்டையில் செல்லாது. 1971இல் ஜோ ஃப்ரேசியர் என்ற வீரர் அலியை வென்றார். 1973இல் ஜார்ஜ் ஃபோர்மன் அதே ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை கீழே தள்ளினார். அப்படியானால் ஃபோர்மன் அலியைப் பந்தாடியிருக்க வேண்டும். ஆனால் 1974இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் இருவரும் மோதியபோது எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மன். ஒருவருடைய பாணி இன்னொருவருக்குப் பொருந்துகிறதா இல்லையா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அடுத்தது, எந்த வருடத்து ஆள் என்று பேசிக்கொள்ள வேண்டும். ஹோம்ஸோடு மோதிய அலிக்கு 38 வயது. தைராய்டு மாத்திரை தின்று உடம்பு இளைத்து, கால் நகராமல் நின்றார். எதிரே நின்ற ஹோம்ஸ் ஒரு காலத்தில் பயிற்சிச் சண்டைகளில் அவருக்கே எதிராளியாக நின்று உதவியவர். பத்தாவது ரவுண்டு முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் சண்டையை நிறுத்தச் சொன்னார். அது 1980 அக்டோபர் 2. அதே ஆண்டுதான் உங்கள் அப்பா அலியைக் கண்ணால் பார்த்தார். கண்ணெதிரே பார்த்த மனிதர் அதே வருடம் அப்படி அடி வாங்கினார் என்ற செய்தி அந்த வயதில் எப்படி இருந்திருக்கும்! தம்பியின் கை பட்டது அந்தக் காயத்தில்தான்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். 1966 அலியையும் 1988 டைசனையும் எடுத்துக்கொள்வோம். அலி 6 அடி 3 அங்குலம், டைசன் 5 அடி 10. கை எட்டும் தூரத்திலும் அலிக்கு ஏழு அங்குலம் அதிகம். முதல் நாலைந்து ரவுண்டு டைசன் கையில். தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே புகுந்து, விலாவில் ஒன்று, தாடையில் ஒன்று என்று இரண்டு கையாலும் இறக்கும் வேகம் ஃப்ரேசியரிடம்கூட இருந்ததில்லை. அலியோ கையைத் தாழ்த்திப் பின்னால் சாய்ந்தே தப்பிப்பவர். பக்கவாட்டில் வளைந்து வரும் இடது கைக் குத்து, அதாவது இடது ஹூக், அவருக்கு ஆகாது. 1963இல் லண்டனில் ஹென்றி கூப்பர் அதில்தான் அவரைக் கீழே தள்ளினார், பிறகு ஃப்ரேசியரும். ஆனால் இரண்டு தடவையும் அலி எழுந்துவிட்டார். எட்டாவது ரவுண்டுக்குப் பிறகு டைசனுக்கு என்ன ஆகும் என்பதை 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் என்ற வீரர் காட்டினார். நீளமான இடது கையால் தள்ளியே நிறுத்தி, பத்தாவது ரவுண்டில் சாய்த்தார். அலியின் காலத்தில் பட்டச் சண்டை 15 ரவுண்டு, டைசன் காலத்தில் 12. எதுவானாலும் கடைசி ரவுண்டுகளில் அலி ஜெயிப்பார் என்பது என் எண்ணம். முதல் ரவுண்டிலேயே டைசனின் ஹூக் பட்டுவிட்டால் நான் சொன்னது தப்பு.

தம்பி இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஹோம்ஸிடம் அலி தோற்றபோது டைசனுக்கு 14 வயது. அதன்பின் டைசனின் பயிற்சியாளர் கஸ் டமாட்டோ அலியோடு போனில் பேசும்போது பையனிடம் போனைக் கொடுத்திருக்கிறார். நான் பெரியவனானதும் உங்களுக்காக ஹோம்ஸை அடிப்பேன் என்று பையன் சொல்லியிருக்கிறான். டைசனே சொன்ன கதை இது. 1988 ஜனவரி 22, அட்லாண்டிக் சிட்டி. ஹோம்ஸோடு டைசன் மோதும் முன் அலியை ரிங்கில் ஏற்றி அறிமுகப்படுத்துகிறார்கள். அலி நேராக டைசனிடம் போய், சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று காதில் சொல்கிறார். நாலாவது ரவுண்டில் ஹோம்ஸ் மூன்று முறை விழுந்தார். 75 சண்டை ஆடிய ஹோம்ஸை முடிவுக்கு முன்பே நிறுத்தவைத்தவர் டைசன் ஒருவர்தான். எதைச் சொல்லித் தம்பி அப்பாவை நோகடித்தானோ, அதை டைசன் அலிக்காகச் செய்தார்.

அந்தச் சண்டையின் வீடியோ கிடைக்கும். அலி ரிங்கில் ஏறும் இடத்திலிருந்து போடுங்கள். அதற்கு முன் தம்பி அப்பாவிடம், “அன்னைக்குச் சொன்னது தப்புப்பா” என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் 1966 அலியா, 1974 அலியா, உங்களுக்கு எந்த அலி என்று கேட்கட்டும். அப்பாவால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.