குடல் கேள்விகள்: எதிர்ப்பைக் கூட்டுவதா, அடக்குவதா?

கே: குடல்வாலை எடுத்தாயிற்று. அதில் நிர்ப்பீடன (நோயெதிர்ப்பு) கலங்கள் இருந்ததாமே, இனி அடிக்கடி நோய் வருமா? (வெள்ளவத்தை)

ப: வராது. சிறுகுடலின் கடைப்பகுதியில் பேயரின் திட்டுகள் என்ற நிர்ப்பீடனக் கலத் திரள்கள் அதே வேலையைச் செய்கின்றன. விரல் நீளத் துண்டுக்காக நித்திரை கெட வேண்டாம்.

கே: இரண்டு மாதமாகப் பாண், ரொட்டி எதுவும் தொடவில்லை. பிறகு சீலியாக் (கோதுமைப் புரதம் ஒவ்வாத குடல் நோய்) பரிசோதனை செய்தேன், நெகட்டிவ். அப்போது அந்த நோய் எனக்கு இல்லைத்தானே? (கொட்டாஞ்சேனை)

ப: அந்த ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கோதுமையிலுள்ள குளூட்டன் உள்ளே போனால்தான் குடலின் ரி கலங்கள் (ஒரு வகை நிர்ப்பீடனக் கலங்கள்) கிளம்பும், பிறபொருளெதிரி ஏறும். சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் தேடினால் இருக்கும் நோயும் ஒளிந்துகொள்ளும். ஆறு கிழமைக்குக் காலையில் இரண்டு துண்டு பாணும் இரவில் ஒரு ரொட்டியுமாகச் சாப்பிட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள். தாங்க முடியாமல் போனால் இடையிலேயே டொக்டரிடம் சொல்லுங்கள். மொத்த ஐஜிஏ (குடலைக் காக்கும் பிறபொருளெதிரி) அளவையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏ குறைவு. அந்த ஐஜிஏவையே தேடும் வழக்கமான ரிரிஜி-ஐஜிஏ சீலியாக் பரிசோதனை அவர்களை ஏமாற்றும். முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம்.

கே: கால்புரொடெக்டின் 180. பயப்பட வேண்டுமா? (பம்பலப்பிட்டி)

ப: வயதில்லை, மருந்தில்லை, வயிற்றில் என்ன கோளாறு என்றும் இல்லை. ஓர் எண்ணை மட்டும் அனுப்பினால் நான் சாத்திரம்தான் சொல்ல வேண்டும். கால்புரொடெக்டின் என்பது நியூட்ரோபில் என்ற வெண்குருதிக்கலங்களுக்குள் இருக்கும் புரதம். அவை குடற்சுவரைத் தாண்டி இறங்கினால் மலத்தில் ஏறும். 50க்குக் கீழே நிம்மதி, 250க்கு மேலே குடலுக்குள் கெமரா விட்டுப் பார்க்க வேண்டும், உங்களுடையது நடுவில். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டாலும், வயிற்றோட்டம் வந்துபோன கையோடும் இப்படி ஏறும். வலிக் குளிசையை டொக்டரைக் கேட்டு இரண்டு கிழமை நிறுத்திவிட்டு மறுபடி மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். சாம்பிளைக் காருக்குள் அரை நாள் வேகவிடாமல் அன்றைக்கே லாபில் சேருங்கள். மலத்தில் இரத்தம், நித்திரையில் எழுப்பும் வயிற்றோட்டம், காரணமில்லாத மெலிவு, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

கே: அம்மாவுக்கு 62 வயது, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடல் அழற்சிப் புண்). அடிக்கடி தடிமன் பிடிப்பதால் எதிர்ப்புச் சக்தி கூட்டும் பொடி கொடுக்கிறோம். குடல் அழற்சிக்குத் தந்த மெசலசீன் மருந்தை நிறுத்திவிட்டோம். மறுபடி இரத்தம் போகிறது. பொடியைக் கூட்டலாமா? (தெஹிவளை)

ப: கூடாது. மெசலசீனை யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்?

இந்தக் 'கூட்டுதல்' என்ற சொல்லோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. குடலுக்குள் கோடானுகோடி பற்றீரியா. போதாததற்கு மூன்று வேளையும் அந்நியப் புரதம். இவற்றுக்கும் நிர்ப்பீடனக் கலங்களுக்கும் இடையில் இருப்பது ஒரேயொரு கல அடுக்கும் கொஞ்சம் சளியும். கண்டதையெல்லாம் அடிக்கிற காவற்காரன் அங்கே நின்றால் குடல் புண்ணாகிவிடும். அதனால் அங்கே பாதி வேலை அடக்குவதுதான். பிறபொருளெதிரி செய்யும் பிளாஸ்மாக் கலங்களின் உழைப்பில் நாளுக்கு மூன்று நான்கு கிராம் ஐஜிஏ குடலுக்குள் சுரக்கிறது. அது பெரிய அழற்சி எதையும் கிளப்பாமல் பற்றீரியாவைச் சளியிலேயே கட்டிப்போடுகிறது. ஒழுங்குபடுத்தும் ரி கலங்கள், துள்ளும் மற்ற ரி கலங்களின் கையைப் பிடித்து வைத்திருக்கின்றன. 2025 மருத்துவ நோபல் பரிசு பிரங்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி மூவருக்கும் கிடைத்தது இந்தக் கலங்களைப் பற்றிய ஆய்வுக்கே. இவற்றுக்குத் தேவையான ஃபொக்ஸ்பி3 மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைக்குப் பிறந்த சில மாதத்துக்குள்ளேயே கடும் வயிற்றோட்டம் பிடிக்கும். எதிர்ப்பு 'கூடிய' குடல் எப்படியிருக்கும் என்று அதில் பார்க்கலாம்.

உங்கள் அம்மாவின் பெருங்குடலிலும் எதிர்ப்புக்குக் குறைவில்லை, மிஞ்சிப் போனதுதான் நோய். பொடி வேலை செய்யாவிட்டால் காசோடு போயிற்று. வேலை செய்தால்தான் எனக்குப் பயம்.

பொடியை இன்றே நிறுத்துங்கள், இந்தக் கிழமைக்குள் கிளினிக்குக்குப் போங்கள். மெசலசீன் பொதுவாக நாளுக்கு 2.4 கிராம், இரத்தம் போகும்போது 4.8 வரை. நோய் இடப்பக்கத்தோடு நின்றால் மலவாசல் வழி எனிமாவும் சேர்ப்பார்கள். பலர் கூச்சப்பட்டு அதை அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள், பிறகு குளிசை கேட்கவில்லை என்கிறார்கள். நாளுக்கு ஆறு தடவை அல்லது அதற்கு மேல் இரத்தத்தோடு போய், காய்ச்சலோ நாடித்துடிப்பு 90க்கு மேலோ இருந்தால் கிளினிக் நாள் பார்க்காமல் அன்றே வாட்டுக்குக் கொண்டு போங்கள். நோய் அடங்கியபின் கவுப்பி, வாழைக்காய், சிவப்பரிசிச் சோறு என்று மெல்லச் சேருங்கள். பற்றீரியா நாரைப் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் அந்த அடக்கும் கலங்களுக்குத் துணை.

கே: ஒரு மாதமாகப் பிரெட்னிசலோன் 40 மி.கி. எடுக்கிறேன். வெண்குருதிக்கலம் 13,000. கிருமி என்று பாமசியில் அன்டிபயோட்டிக் தந்தார்கள். (மட்டக்குளி)

ப: பிரெட்னிசலோன் ஒரு ஸ்டீரொய்ட். அந்தக் குளிசையே இந்தக் கணக்கை ஏற்றும்: குருதிக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோபில்கள் கழன்று ஓட்டத்தில் சேர்வதால் எண்ணிக்கை கூடித் தெரியும். ஆனால் ஸ்டீரொய்ட் காய்ச்சலையும் மறைக்கும், ஆகவே தீர்ப்பை டொக்டர் சொல்லட்டும், பாமசி வேண்டாம். தேவையில்லாத அன்டிபயோட்டிக்கால் டிபிசில் கிருமி பெருகி இன்னொரு வயிற்றோட்டம் வரலாம். பிரெட்னிசலோனைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். மூன்று கிழமை தாண்டினால் உங்கள் சொந்தச் சுரப்பி சோம்பிவிடும். கிழமைக்கு 5 மி.கி. என்று குறைப்பதே வழக்கம். பழைய மருந்துத் துண்டைக் காட்டி மறுபடி வாங்கவும் வேண்டாம்.

கே: குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய்க்கு இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்து ஏற்ற முன் நெஞ்சு எக்ஸ்ரே எதற்கு? வயிற்றில்தானே நோய்! (வத்தளை)

ப: மருந்து தடுக்கும் ரிஎன்எஃப் புரதந்தான் உறங்கும் காசநோய்க் கிருமியை நிர்ப்பீடனக் கலங்களின் முடிச்சுக்குள் பூட்டி வைத்திருக்கிறது. பூட்டை உடைக்கும் முன் உள்ளே ஆளிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயோடு தோலில் மன்டூ அல்லது குருதிப் பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பி, எல்லாவற்றையும் முடியுங்கள். குடற்காசநோயும் குரோன்ஸும் கெமராவில் ஒன்றுபோலவே தெரியலாம். பயொப்சி முடிவு வரும்வரை அவசரப்படுத்தாதீர்கள்.

கே: பால் குடித்தால் வயிறு ஊதுகிறது. அலர்ஜியா? (கொள்ளுப்பிட்டி)

ப: வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் பாலிலுள்ள வெல்லத்தைச் சமிக்கச் செய்யும் லக்டேஸ் நொதியக் குறைவு, நிர்ப்பீடனக் கலங்கள் மேல் பழி போட வேண்டாம். பால்தேநீரை விட்டுப் பிளேன்டீ குடியுங்கள். சட்டித்தயிர் அனேகமாக ஒத்துக்கொள்ளும்.