செவிலியர்தானே என்கிறீர்கள்

மதிப்பிற்குரிய அம்மா,

நான் மடிப்பாக்கத்தில் வசிக்கிறேன். வங்கியில் வேலை. என் ஒரே மகள் பொறியியல் முடித்துவிட்டு, பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர்ந்தே தீருவேன் என்று நிற்கிறாள். எனக்கு நாட்டுப்பற்று இல்லாமல் இல்லை. ஆனால் போர் என்று வந்துவிட்டால்? ஆணுக்கு இணையான உடல் வலிமை பெண்ணுக்கு உண்டா? எதிரியிடம் சிக்கினால் அவள் கதி என்ன? நினைத்தால் தூக்கம் வருவதில்லை. கேப்டன் லட்சுமி போன்றவர்கள் ஆயிரத்தில் ஒருவர். ராணுவத்தில் செவிலியராகப் போகிறேன் என்றால்கூடச் சம்மதித்துவிடுவேன். அது போர் இல்லையே. பெண்களைப் போருக்கு அனுப்புவது சரிதானா?

ஆர்., மடிப்பாக்கம்

அன்புள்ள ஆர்.,

மகளை எண்ணித் தூக்கம் இழக்கும் தகப்பனிடம் எனக்குக் கோபம் வராது. ஆனால் "அது போர் இல்லையே" என்ற மூன்று சொற்களில் கோபம் வந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதில்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். தகுதியையும் உடல் வலிமையையும் சோதிக்கத்தான் ராணுவத் தேர்வு வாரியத்தின் (எஸ்.எஸ்.பி.) ஐந்து நாள் தேர்வும் ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சியும் இருக்கின்றன. தேறாவிட்டால் அவர்களே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த வேலையை நீங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லை. 1992 முதல் பரங்கிமலையில் பெண்கள் பயிற்சி பெற்று வருகிறார்கள். 2023-இல் பீரங்கிப் படையும் அவர்களுக்குத் திறந்தது. காலாட்படையிலும் டாங்கிகள் கொண்ட கவசப் படையிலும் இன்றுவரை பெண்களைச் சேர்ப்பதில்லை. ஆக, நீங்கள் மனக்கண்ணில் காணும் துப்பாக்கிச் சண்டைக்கு அவளே ஆசைப்பட்டாலும் இன்றைக்கு அனுப்பமாட்டார்கள்.

எதிரியிடம் சிக்குவதைப் பற்றிய பயம் நியாயமானது. அதற்குப் பூசி மெழுகிய ஆறுதல் சொல்லமாட்டேன். 1991 வளைகுடாப் போரில் ரோண்டா கோர்னம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் மீட்புப் பணிக்காக ஹெலிகாப்டரில் போனார். அது சுட்டு வீழ்த்தப்பட்டது. இரண்டு கைகளும் முறிந்த நிலையில் இராக்கியரிடம் பிடிபட்டார். காவலன் ஒருவன் அவரிடம் பாலியல் அத்துமீறல் செய்தான். விடுதலையானபின் அதை வெளிப்படையாகச் சொன்னார், ராணுவத்திலேயே தொடர்ந்தார், பிரிகேடியர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். இதைப் படித்துவிட்டு உங்கள் பயம் குறையாது, தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர் மருத்துவர். காயம்பட்டவனைத் தூக்கிவரப் போனவர். "இது போர் இல்லை" என்று நீங்கள் ஒதுக்கிவைக்கிற அந்த இடத்தில்தான் அவர் சிக்கினார்.

என் அப்பாவின் தங்கை ராணுவச் செவிலியர். 1971 டிசம்பரில் கிழக்கு வங்கத்தில் போர் நடந்த நாட்களில் கல்கத்தா ராணுவ மருத்துவமனையில் இருந்தார். லெப்டினன்டாகச் சேர்ந்தவர், அப்போது கேப்டன். ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டிய வார்டில் இரவுப் பணி. கண்ணிவெடியில் கால் போனவர்கள், வயிற்றில் குண்டுச் சில்லு பாய்ந்தவர்கள். அழுகிய சதையின் வாடை கைகளை எத்தனை முறை கழுவினாலும் போகாது என்பார். அதைக்கூட அவர் சாதாரணமாகத்தான் சொல்வார். குரல் மாறுவது கடிதங்களைப் பற்றிப் பேசும்போதுதான். வார்டில் தமிழ் ஜவான்கள் சிலர் இருந்தார்கள். தமிழ் எழுதத் தெரிந்தவர் அத்தை ஒருவர்தான். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத பையன், "காலில் சின்னக் காயம், பொங்கலுக்குள் சரியாகிவிடும் என்று எழுதுங்கள் சிஸ்டர்" என்பான். அவர் எழுதுவார். இப்படிப் பல கடிதங்கள். அந்தத் தாய் கடிதத்தை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பாள், நம்பியிருப்பாள், பிறகு மகன் ஊன்றுகோலோடு பஸ்ஸில் இருந்து இறங்கியிருப்பான். அந்தப் பொய்யை எழுதியது தன் கை என்பது அத்தைக்குக் கடைசிவரை உறுத்தியது. துப்பாக்கி பிடித்தவன் கண்ட போரைவிட இது எந்த விதத்தில் குறைந்த போர்? சொல்லுங்கள்.

அவர் மேஜராக ஓய்வு பெற்றார். என் அக்கா திருமணப் பத்திரிகையில், நல்வரவை நாடும் உறவினர் வரிசையில் சித்தப்பா பெயருக்குப் பக்கத்தில் "உதவிப் பொறியாளர்" என்று அச்சிட்டார்கள். மாமாவுக்கு பி.ஏ., பி.எல். அத்தைக்கு வெறும் பெயர். ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன். "நர்ஸ்தானே, அதைப் போய் எதற்குப் போட வேண்டும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். தங்கைமேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் சைதாப்பேட்டையில் யார் கேட்டாலும் "கல்கத்தாவில் ஆஸ்பத்திரி வேலை" என்றுதான் சொல்வார். ராணுவம் என்ற சொல்லை விட்டுவிடுவார். அரை நூற்றாண்டு கழித்து மடிப்பாக்கத்தில் இருந்து அதே குரல் வருகிறது.

இந்திய ராணுவத்தில் முதன்முதலாக மேஜர் ஜெனரல் ஆன பெண் யார் தெரியுமா? 1976-இல், கெர்ட்ரூட் அலிஸ் ராம். செவிலியர். ராணுவச் செவிலியர் பணி ஆயுதப்படையின் ஓர் அங்கம் என்று 1943-ஆம் ஆண்டின் அவசரச் சட்டமே சொல்கிறது. அதில் சேர்பவர் தோளில் நட்சத்திரத்தோடு அதிகாரியாகவே சேர்கிறார். அதுவும், பொறியியல் படித்த உங்கள் மகள் நினைத்த மாத்திரத்தில் செவிலியராகிவிட முடியாது. அது தனிப் படிப்பு, நான்காண்டுப் படிப்பு. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய பெண்பிள்ளை வேலை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது அந்த வரியிலேயே தெரிகிறது.

கேப்டன் லட்சுமியை ஏன் துணைக்கு அழைக்கிறீர்கள்? அவர் நம் ஊரில் பிறந்தவர். ராணி மேரிக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். 1943-இல் சிங்கப்பூரில், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றபோது அங்கே மகப்பேறு மருத்துவராக இருந்தார். அவர் ஆயிரத்தில் ஒருவர் என்றால், அந்தப் படையில் சேர்ந்த மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் யார்? பால் மரம் வெட்டிய கைகள் அவை. அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? அந்தப் படைக்குச் செவிலியர் பிரிவும் இருந்தது. அதை யாரும் பேசுவதில்லை. சீருடையும் துப்பாக்கியுமாக நிற்கும் புகைப்படம் மட்டும் போதும் நமக்கு. அதே லட்சுமி 1971-இல் வங்க அகதிகளின் முகாம்களுக்குப் போய் மருத்துவம் பார்த்தார். கான்பூரில் முதுமையிலும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குச் சிலை வைக்கமாட்டோம்.

1942-இல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னை காலியான கதை எல்லார் வீட்டிலும் உண்டு. தாத்தா பாட்டி மூட்டை கட்டிக்கொண்டு கும்பகோணம் போனது, மதுரை போனது. அதே ஆண்டு இந்தியாவில் பெண்கள் துணைப்படை தொடங்கப்பட்டது. தட்டச்சு, தொலைபேசி, சங்கேதச் செய்தி என்று பல வேலைகளுக்கு ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்தார்கள். ஓடியவர்களின் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சேர்ந்தவர்களின் கதையைக் கேட்கவே இல்லை.

இன்னொன்று. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பைப் படித்ததிலிருந்து அத்தையின் நினைவாகவே இருக்கிறேன். ராணுவச் செவிலியர் பணியில் இருந்த ஒரு லெப்டினன்ட், திருமணம் செய்துகொண்டார் என்பதற்காக 1988-இல் பணியில் இருந்து நீக்கப்பட்டார். அப்படி நீக்கலாம் என்று 1977-ஆம் ஆண்டின் ராணுவ உத்தரவு ஒன்று இருந்தது. 1995-இல்தான் அதை விலக்கிக்கொண்டார்கள். அந்தப் பெண் 60 லட்சம் ரூபாய் இழப்பீடு பெற 36 ஆண்டுகள் ஆயின. கணவரும் ராணுவ அதிகாரி. அவரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. என் அத்தை திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. "யார் அவளைக் கட்டுவார்கள்" என்று உறவினர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். வேலையா, வாழ்க்கையா என்று ஒரு பெண்ணின் கழுத்தில் கத்தி வைத்தவன் எதிரி நாட்டான் இல்லை.

உங்கள் மகளுக்கு வரப்போகும் தொல்லைகளில் பாதி எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்துதான் வரும். 2020-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் ராணுவத்தின் பெரும்பாலான பிரிவுகளில் பெண்களுக்கு நிரந்தரப் பணி கிடைத்தது. அதுவரை பதினான்கு ஆண்டுகள் உழைத்துவிட்டு ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்தவர்கள் உண்டு. நீங்கள் தூக்கம் கெட்டு யோசிக்க வேண்டியது இதைத்தான். அவள் எந்தப் பிரிவில் சேர்ந்தால் என்ன உரிமை, எத்தனை ஆண்டுப் பணி, எப்போது நிரந்தரம் என்று உட்கார்ந்து படியுங்கள். வங்கிக்காரர் நீங்கள், விதிமுறை படிப்பது உங்களுக்குப் புதிதா?

பயிற்சி முடியும் நாளில் பரங்கிமலை அணிவகுப்புத் திடலுக்குப் பெற்றோரை அழைத்து, மகளின் தோளில் நட்சத்திரம் பதிக்க வைக்கிறார்கள். அங்கே போய் நிற்கும் தகுதியை இப்போதே சம்பாதியுங்கள்.

கடைசியாக ஒரு குறை. இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அவள் எந்தப் பிரிவில் சேர விரும்புகிறாள், ஏன் விரும்புகிறாள் என்று ஒரு வரி இல்லை. கேட்டீர்களா என்பதே சந்தேகம். அடுத்த கடிதத்தை அவளே எழுதட்டும். அதற்கு உடனே பதில் போடுகிறேன்.