புது கொம்பிரசர் மூன்று மாதத்தில் எரிந்தால் யாருடைய பிழை?

கேள்வி: முல்லைத்தீவுப் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கிறேன் அண்ணை. மீனும் ஐஸ் பக்கற்றும் வைக்கிற டீப் பிறீசரின் கொம்பிரசர் சித்திரையில் எரிந்தது. மெக்கானிக் புதுசு போட்டு, குளிராக்குகிற காஸ் அடித்துத் தந்தார். ஆடி முடிய முதல் அதுவும் எரிந்துவிட்டது. சாமான் சரியில்லை என்கிறார் மெக்கானிக், கரண்ட் சரியில்லை என்கிறார் கொம்பிரசர் விற்ற கடைக்காரர். திரும்பவும் மாற்றலாமா?

பதில்: தங்கச்சி, முதல் தடவை எரிந்தபோது உள்ளே குழாய்களைக் கழுவினாரா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். இல்லையென்றால் பிழை பெரும்பாலும் அங்கேதான்.

கொம்பிரசருக்குள் இருக்கிற மோட்டாரின் சுருள் எரியும்போது ஒயிலும் காஸும் சேர்ந்து வெந்து, உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தாலே போதும், அமிலமாகும். அதோடு கரியும் சேறும், காஸ் ஓடுகிற வளைகுழாயான கொயில் முழுக்கப் பரவும். பழைய கொம்பிரசரை வெட்டி எடுத்தாலும் அதெல்லாம் குழாய்க்குள்ளேயே இருக்கும், புது ஒயிலில் கலந்து புது மோட்டாரின் சுருளில் பூசிய வார்னிஷை அரிக்கும். காஸ் போகிற மெல்லிய குழாயான கப்பிலரியின் துளை பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை, அது கரியால் அடைபட எவ்வளவு நேரம்?

புதுக்குடியிருப்பில் ஒரு தயிர்க்கடையில் எரிந்த கொம்பிரசரைச் சரித்து ஒயிலை யோகட் கப்பில் ஊற்றியபோது பக்கத்தில் நின்றேன். நல்ல ஒயில் தெளிவாக இருக்கும். இது கோப்பிச்சாயம் மாதிரிக் கறுத்து, மூக்கை அரிக்கிற புளித்த எரிமணம். ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கிற பில்டரை அறுத்தால் உள்ளிருந்த மணிகளெல்லாம் கரி.

மாற்றலாம், ஆனால் இப்படிச் செய்பவரிடம் மட்டும் கொடுங்கள்: கொயில்களை அதற்கென்று விற்கிற திரவத்தால் தனித்தனியாகக் கழுவி, நைதரசனால் ஊத வேண்டும், மறுமுனையில் பிடித்த வெள்ளைத் துணியில் கறை வராத வரைக்கும். பில்டர், கப்பிலரி, மோட்டாரை ஓடத் தொடக்குகிற ரிலே, சூடேறினால் நிறுத்துகிற ஓவர்லோட் எல்லாம் புதுசு. அப்புறம் நைதரசன் அடித்து லீக் பார்த்து, வக்கூம் பம்பால் காற்றும் ஈரமும் போக இழுத்து, லேபலில் உள்ள நிறைப்படி காஸைத் தராசில் நிறுத்து அடிக்க வேண்டும். பெற்றோல், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவேன் என்றால் விடாதீர்கள். வெல்டிங் ஒட்சிசனால் ஊதுவேன் என்றால் அவரைக் கடையை விட்டே அனுப்புங்கள், அது உள்ளே இருக்கிற ஒயிலோடு சேர்ந்தால் வெடிக்கும், ஆள் போய்விடும். லேபலில் ஆர் 600ஏ என்றிருந்தால் அந்தக் காஸ் தீப்பற்றக்கூடியது, அதை வெளியே விட்டுக் காற்றோட்டம் பார்க்காமல் குழாய் ஒட்டுகிற பிளேமைப் பற்றவைக்கக் கூடாது.

கொம்பிரசர் விற்ற கடைக்காரர் கரண்டைப் பற்றிச் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. பின்னேரத்தில் லைற் மங்குகிற இடமென்றால், வோல்டேஜ் குறைந்தால் கரண்டை வெட்டி, திரும்ப வந்து மூன்று நிமிடமாவது பொறுத்து ஓன் ஆகிற வோல்டேஜ் காட் ஒன்று போடுங்கள். பெட்டி கறல் பிடித்து, கொயில் சுவருக்குள்ளே புதைந்ததாக இருந்தால் இன்னொரு கொம்பிரசருக்குக் காசு போடாதீர்கள், நான் போடமாட்டேன்.

பற்றுச்சீட்டு இருக்கிறதா? கேட்டால் வியாபாரி தரத்தான் வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து முறையிடலாம். அதுவரை எரிந்த இரண்டாவது கொம்பிரசரை ஒருவரும் எடுத்துக்கொண்டு போக விடாதீர்கள், கையுறை போட்டு அதன் ஒயிலில் கொஞ்சம் ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து, சாட்சிக்கு மூடி வையுங்கள்.